போர்வையாக வந்த பொன்: சீனப் பொன், வெள்ளி வேலைப்பாட்டின் வரலாறு

பொன்னை அரசுரிமையின் முதல் அடையாளமாகக் கொண்ட பண்டை நாகரிகங்களுக்கிடையே சீனம் நெடுங்காலம் விலகியே நின்றது. ஷாங் அரசமரபின் தலைநகரான ஆன்யாங்கில், கி.மு. 1200ஐ ஒட்டிப் புதைக்கப்பட்ட அரசி ஃபூ ஹாவோவின் கல்லறை 1976இல் கொள்ளையர் கை படாத நிலையில் அகழப்பட்டபோது 468 வெண்கலப் பொருள்களும் ஜேடு எனப்படும் பச்சைக்கல்லில் இழைத்த 755 பொருள்களும் கிடைத்தன. ஆனால் எகிப்திலோ மெசொப்பொத்தேமியாவிலோ அத்தகைய ஓர் அரசியின் கல்லறையில் குவிந்திருக்கக்கூடிய பொன்னுக்கு அங்கு இடமே இல்லை. வழிபாட்டுக்கு வெண்கலம், உடலுக்கும் அறத்துக்கும் ஜேடு என்று மதிப்பு வரையறுக்கப்பட்டிருந்த அந்தச் சமூகத்தில் பொன்னும் வெள்ளியும் பின்னர் வந்து சேர்ந்தவை. சீனப் பொற்கொல்லரின் நுட்பங்கள் உள்ளூரிலேயே முளைத்தவையா, மேற்கிலிருந்தும் வடக்குப் புல்வெளிகளிலிருந்தும் வந்தவையா என்பது கடந்த நூறாண்டு ஆய்வின் மையக் கேள்வியாக இருந்து வந்துள்ளது. கேள்வியை அப்படி இரண்டாகப் பிளந்து கேட்பதைவிட, வந்த நுட்பம் ஒவ்வொன்றையும் ஏற்கெனவே வேரூன்றியிருந்த வெண்கல வார்ப்பு மரபு எவ்வாறு வளைத்துக்கொண்டது என்று கேட்பதே பொருள்களுக்குப் பொருந்துகிறது.

தொடக்ககாலச் சீனப் பொன் பெரும்பாலும் ஒரு போர்வை. சிச்சுவான் மாநிலத்துச் சான்சிங்துயில் 1986இல் தோண்டப்பட்ட பலிக்குழிகளில் கிடைத்த சுமார் 1.43 மீட்டர் நீளக் கோல், மரத்தண்டின் மேல் சுற்றிய பொற்றகடே. மரம் மக்கிப்போய்த் தகடு மட்டும் எஞ்சியது. அங்கே கிடைத்த வெண்கலத் தலைகள் சிலவற்றின் முகத்திலும் பொற்றகடு ஒட்டப்பட்டிருந்தது. 2021இல் ஐந்தாம் குழியிலிருந்து வெளிவந்த பாதி முகமூடி ஏறத்தாழ 280 கிராம் எடையுள்ளது. செங்டு நகருக்குள்ளேயே 2001இல் வெளிப்பட்ட ஜின்ஷாவில் கிடைத்த சூரியப்பறவைத் தகடு 12.5 சென்டிமீட்டர் விட்டமும் 0.02 சென்டிமீட்டர் கனமும் 20 கிராம் எடையும் கொண்டது. நடுவில் பன்னிரண்டு கதிர்கள் சுழல, அவற்றைச் சுற்றி நான்கு பறவைகள் பறக்கும்படி வெட்டப்பட்ட இத்தகட்டின் உருவம் 2005 முதல் சீனப் பண்பாட்டு மரபுச் சின்னமாக வழங்குகிறது. சிச்சுவானின் இந்தப் பொற்றகடுகள், ஆன்யாங் பொன்னைப் பெரிதாகக் கொள்ளாத அதே காலப்பகுதியையும் அடுத்த சில நூற்றாண்டுகளையும் சேர்ந்தவை என்பதால், ‘பண்டைச் சீனம்’ என்று ஒரே வாயில் பேசுவது எவ்வளவு சிக்கலானது என்பதையும் அவை காட்டுகின்றன.

பொன் தனிக்கலமாக உருப்பெற்றபோதும் அதைச் செய்தவர்கள் வெண்கலக் கருமான்களாகவே சிந்தித்தார்கள். ஹூபெய் மாநிலத்துச் சுய்ஜோவில் 1978இல் அகழப்பட்ட, கி.மு. 433ஐ ஒட்டிய செங் நாட்டுச் சிற்றரசர் யியின் கல்லறையில் மூடியோடு கூடிய பொற்கலம் ஒன்றும், அதனுள் சல்லடைத் துளைகளிட்ட பொற்கரண்டி ஒன்றும் இருந்தன. இரண்டு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள அந்தக் கலம் தகட்டை அடித்து எழுப்பியதன்று. பல துண்டுகளாகச் செய்த களிமண் அச்சுகளைப் பொருத்தி அவற்றுக்குள் உருக்கிய பொன்னை ஊற்றி வார்த்தது. வெண்கலக் குடங்களின் மீது காணப்படும் சுருள் வரிகளே அதன் மேலும் ஓடுகின்றன. பொன் மிக மெல்லிய தகடாக அடிபடக்கூடியது என்ற அதன் தனிப்பண்பை இக்கலம் கிட்டத்தட்டப் புறக்கணிக்கிறது. விலை மிகுந்த உலோகத்தை இவ்வளவு கனமாக ஊற்றியதைச் செல்வச் செருக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது, வார்ப்பைத் தவிர வேறு வழி அந்தப் பட்டறைக்குப் பழக்கமில்லை என்பதையும் சேர்த்தே கருத வேண்டும்.

இதே காலத்தில் வெண்கலத்தின் மேற்பரப்பில் பொன்னையும் வெள்ளியையும் பதிக்கும் வேலை உச்சம் தொட்டது. வார்ப்பிலேயே விடப்பட்ட அல்லது உளியால் வெட்டப்பட்ட பள்ளத்தின் அடிப்பகுதியை வாயைவிடச் சற்று அகலமாக்கி, அதில் பொற்கம்பியையோ தகட்டுத் துண்டையோ வைத்துத் தட்டி இறுக்கி, பின்னர் சாணைக்கல்லால் தேய்த்துச் சமமாக்குவது இதன் முறை. உலோகம் விரிந்து அகன்ற அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்வதால் பற்றவைப்பு எதுவும் தேவைப்படுவதில்லை. ஹெபெய் மாநிலத்தில் ஜோங்ஷான் மன்னரின் கல்லறையில் கிடைத்த, மானைக் கவ்வி விழுங்கும் புலியின் வடிவிலான திரைத்தாங்கி இவ்வகையில் முதன்மையானது. ஆனால் பதிப்பு என்று அருங்காட்சியகப் பட்டியல்கள் குறிப்பவற்றுள் சில, உண்மையில் பாதரசத்தில் கரைத்த பொன்னைத் தூரிகையால் தீட்டிச் சூடேற்றியவையாக இருக்கலாம் என்று சீன ஆய்வாளர் சிலர் எழுப்பிய ஐயம் இன்றும் உயிரோடிருக்கிறது. வெறுங்கண்ணால் பார்த்து முடிவு சொல்லக்கூடிய வினா அன்று இது.

பாதரசத்தின் துணையால் பொன்முலாம் பூசும் முறை, கி.மு. நான்காம் நூற்றாண்டளவிலேயே வழக்கிற்கு வந்து, ஹான் காலத்தில் பெரும் அளவில் பரவியது. பொன்னை மெல்லிய துண்டுகளாக நறுக்கி மூசையில் சிவக்கக் காய்ச்சி, பாதரசத்தை ஊற்றிக் கிளறினால் பொன் அதில் கரையும். அதைத் தண்ணீரில் கொட்டினால் வெள்ளி நிறத்தில் வெண்ணெய்போல் குழையும் ஒரு களிம்பு கிடைக்கும். அழுக்கும் களிம்பேற்றமும் நீக்கிய செம்பு அல்லது வெள்ளிக் கலத்தின் மேல், உப்பும் படிகாரமும் சேர்த்து இக்களிம்பைத் தேய்ப்பார்கள். அடுத்து, கரிநெருப்பை அருகே பிடித்துச் சூடேற்றும்போது பாதரசம் ஆவியாகி விலக, வெள்ளை நிறம் மங்கி மஞ்சள் தோன்றும். ஒரே பூச்சில் போதிய கனம் வராது என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். கடைசியில் அகேட் கல் பதித்த கருவியால் அழுத்தித் தேய்த்தால்தான் நுண்துளைகள் அடைபட்டு மெருகு ஏறும். 1968இல் மான்செங்கில் அகழப்பட்ட, ஹான் இளவரசர் ஒருவரின் மனைவியான தோவ் வானின் கல்லறையிலிருந்து வந்த, மண்டியிட்ட பணிப்பெண் ஏந்தும் புகழ்பெற்ற விளக்கு இம்முறையில் முலாம் பூசப்பட்டதே. விளக்கின் புகை அவளது கைச்சட்டை வழியாக உடலுக்குள் இறங்கும்படி அமைத்த கைத்திறனை எல்லோரும் வியக்கிறார்கள், ஆனால் அதன் மேற்பரப்பை மஞ்சளாக்க எத்தனை கைவினைஞர் பாதரச ஆவியை மூச்சில் இழுத்தார்கள் என்பதைப் பற்றி நூல்கள் அரிதாகவே பேசுகின்றன.

ஹான் காலத்தில் பொன்னின் அளவும் மலைக்கவைப்பது. நான்சாங் அருகே 2011இல் கண்டறியப்பட்ட ஹாய்ஹுன் கோமகன் லியூ ஹேயின் கல்லறையில் 100 கிலோவுக்கு மேற்பட்ட பொன் இருந்தது. குதிரைக்குளம்பு வடிவில் வார்த்த கட்டிகளின் வாயோரத்தில் நுண்கம்பி வேலை சுற்றப்பட்டிருப்பது, கட்டிப் பொன்னுக்கே அணிகலனின் மதிப்பு சேர்க்கப்பட்டதைக் காட்டுகிறது. இதே காலத்தில்தான் ரவைவேலை, அதாவது கடுகினும் சிறிய பொன்மணிகளைத் தகட்டின் மேல் வரிசையாக ஒட்டி உருவம் அமைக்கும் வேலை, சீனப் பட்டறைகளில் திடீரென முதிர்ந்த நிலையில் தோன்றுகிறது. கம்பித் துணுக்குகளைக் கரித்தூளில் புதைத்துச் சூடேற்றினால் அவை உருகித் தாமாகவே உருண்டையாகும். அவற்றைப் பொடி எனப்படும் பற்றுப்பொருளை வழக்கமான முறையில் இட்டு ஒட்டினால் மணிகள் மூழ்கிப்போகும். செம்புச் சேர்மத்தை மரப்பசையில் குழைத்துத் தடவிச் சூடேற்றினால், தொடும் புள்ளியில் மட்டும் செம்பும் பொன்னும் கலந்து, தூய பொன்னின் 1064 பாகை உருகுநிலைக்கு வெகு கீழே, ஏறத்தாழ 900 பாகையில் உருகிப் பிடித்துக்கொள்ளும். பியொங்யாங் அருகே லேலாங் வட்டாரக் கல்லறையிலும் சின்ஜியாங்கின் யான்சியிலும் கிடைத்த பொற்கச்சைக் கொக்கிகளில், பெரிய நாகமொன்றும் அதைச் சுற்றிச் சிறு நாகங்களும் இப்படிப்பட்ட மணிகளாலேயே எழுப்பப்பட்டுள்ளன. மேற்காசியாவிலும் இத்தாலியின் எத்துருஸ்கரிடமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளங்கிய இந்நுட்பத்துக்குச் சீனத்தில் முயற்சிப் படிகள் எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே அது வெளியிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. எனினும் கொக்கியில் நெளிவது முழுக்கச் சீன நாகமே.

நுட்பம் எந்த வழியாக நுழைந்தது என்பதற்கு ஒரு குறிப்பு சீயான் நகரின் வடபுறத்தில் 1999இல் அகழப்பட்ட எளிய கல்லறை ஒன்றில் கிடைத்தது. அங்கே புதைக்கப்பட்டவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய வார்ப்புக் கைவினைஞர். அவரோடு வைக்கப்பட்ட களிமண் மாதிரிகளில், புல்வெளி நாடோடிகள் கச்சையில் அணியும் விலங்குத் தகடுகளின் உருவங்கள் இருந்தன. உள்மங்கோலியாவின் ஷீகோவ்பானில் கிடைத்த பொற்றகடுகளின் பின்புறத்தில் எடையைக் குறிக்கும் சீன எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், சீனப் பட்டறைகள் வடக்கத்தியர் சுவைக்கேற்பச் செய்து விற்றபோதே அவர்களது வேலைப்பாட்டையும் கற்றன என்பது புலனாகும். ‘தாக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துவிடும் நிகழ்வுகள் பல, உண்மையில் இத்தகைய கொள்வினை கொடுப்பினையே.

பொன்னும் வெள்ளியும் போர்வையாக இருந்த நிலை மாறித் தாமே உடலாக நிமிர்ந்தது தாங் பேரரசின் காலத்தில், அதாவது 618 முதல் 907 வரை. வெள்ளிக்கட்டியைப் பட்டடையில் வைத்துத் தகடாக்கி, அவ்வப்போது சிவக்கக் காய்ச்சி இறுக்கத்தைத் தளர்த்தி, சுத்தியால் வட்ட வட்டமாக அடித்துக் கிண்ணமாக எழுப்புவது இக்காலத்தின் அடிப்படை முறை. கிண்ணத்தின் உட்புறம் அரக்கை நிரப்பி, மேற்பரப்பில் மொட்டை நுனி உளியால் கோடுகளை இறக்கி நகாசு செய்வார்கள். உளி உலோகத்தை வெட்டாமல் ஒதுக்குவதால் எடை சிறிதும் குறையாது. உருவங்களுக்கிடையிலான வெற்றிடத்தைக் குழல்நுனி உளியால் சிறுசிறு வட்டங்களாகப் பொளிந்து நிரப்புவார்கள். மீன்முட்டை போலத் தோன்றும் அந்தப் பின்னணி ஒளியைச் சிதறடிப்பதால், அதன் மேல் பூவும் பறவையும் பொன்முலாமில் பளிச்சிடும். பகுதி முலாம் என்ற இந்தப் பாணிக்கு அழகியல் காரணம் மட்டுமன்று, சட்டக் காரணமும் உண்டு: உயர் அதிகாரிகளும் முழுப்பொன் உண்கலங்களைப் பயன்படுத்தக் கூடாது, ஆறாம் தரத்திலும் அதற்குக் கீழும் உள்ளோர் முழுவெள்ளிக் கலங்களையும் பயன்படுத்தக் கூடாது என்ற விதிகள் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டன. அவை எந்த அளவுக்குக் கடைப்பிடிக்கப்பட்டன என்பது வேறு.

தாங் வேலையை அறிய இரண்டு கண்டுபிடிப்புகளே பெரும் ஆதாரம். 1970இல் சீயான் நகரின் ஹெஜியாசுன்னில் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது, பெரிய மண்சாடிகளில் மறைத்துவைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. அவற்றுள் பொன், வெள்ளிக் கலங்கள் மட்டும் ஏறத்தாழ 270. சாசானியப் பாரசீக மன்னன் இரண்டாம் குஸ்ரோவின் வெள்ளிக்காசும், பைசாந்தியப் பேரரசன் ஹெராக்ளியஸின் பொற்காசும், ஜப்பானியக் காசுகளும் அதே புதையலில் இருந்தன. இரட்டை அடுக்குத் தாமரையிதழ்களை உள்ளிருந்து அடித்துப் புடைக்கவைத்த ஒரு பொற்கிண்ணத்தின் உட்புறத்தில் அதன் எடை மையால் எழுதப்பட்டுள்ளது. கருவூலக் கணக்கர் ஒருவரின் கையெழுத்து ஆயிரத்திருநூறு ஆண்டுகளைத் தாண்டியும் அழியவில்லை. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நறுமணப் பந்து ஒன்றும் அங்கிருந்தது. துளைவேலை செய்த இரு அரைக்கோளங்கள் கீலால் இணைய, உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள், ஒன்றின் அச்சு மற்றதற்குச் செங்குத்தாக அமையும்படி ஆணிகளில் தொங்குகின்றன. நடுவிலுள்ள பொற்கிண்ணி தன் எடையாலேயே எப்போதும் நிமிர்ந்து நிற்பதால், பந்து எப்படி உருண்டாலும் எரியும் நறுமணத் தூள் சிந்தாது. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டுக் கணிதவியலாளர் கார்தானோவின் பெயரால் வழங்கும் இப்பொறியமைப்பு, இங்கே மகளிர் ஆடைக்குள் தொங்கியது.

மற்றது ஷான்ஷி மாநிலத்து ஃபாமென் கோயில். 1981இல் அதன் கோபுரம் பாதி சரிந்ததால் நடந்த சீரமைப்பின்போது, 874இல் மூடப்பட்ட நிலவறை 1987இல் திறக்கப்பட்டது. காணிக்கைகளை எடையோடும் கொடுத்தவர் பெயரோடும் பட்டியலிட்ட கற்பலகை உள்ளேயே இருந்ததால், எந்தப் பொருள் எது என்ற ஊகத்துக்கு இடமின்றிப் போனது. தொல்லியலில் இத்தகைய வாய்ப்பு அரிது. அரண்மனைப் பட்டறையில் செய்த தேநீர்க் கருவிகளில், பொன் வெள்ளி இழைகளால் பின்னிய ஒரு சிறு கூடை, தேயிலைக் கட்டிகளைக் காற்றாட வைப்பதற்கானது. கம்பிவேலை பின்னர் அடையவிருந்த வளர்ச்சி அதில் முன்கூட்டியே தெரிகிறது. இக்காலப் பயிற்சி முறை பற்றித் தாங் வரலாற்று நூல் தரும் குறிப்பும் மதிப்புடையது: அரண்மனைக் கைவினைத் துறையில் நுண்செதுக்கு வேலைக்கு நான்கு ஆண்டும், தேர், இசைக்கருவி வேலைக்கு மூன்று ஆண்டும் பயிற்சி விதிக்கப்பட்டிருந்தது. அக்காலத்தின் கடைசிப் பகுதியில் யாங்சே ஆற்றின் தென்கரை பெரும் உற்பத்தி மையமாயிற்று. 1982இல் ஜென்ஜியாங் அருகே கிடைத்த புதையலில் 950க்கும் மேற்பட்ட வெள்ளிப் பொருள்கள் இருந்தன.

இக்கலங்களின் வடிவங்களில் எவ்வளவு பாரசீகம், எவ்வளவு சீனம் என்பதைப் பற்றி அறிஞர் கருத்து படிப்படியாக மாறிவந்தது. 1957இல் விரிவான ஆய்வை வெளியிட்ட ஸ்வீடன் நாட்டு அறிஞர் போ ஜில்லென்ஸ்வார்டு, அகழ்வில் கிடைத்தவை மிகக் குறைவாக இருந்த நிலையில், மேலைநாட்டுச் சேகரிப்புகளையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. ஹெஜியாசுன்னுக்கும் ஃபாமென்னுக்கும் பின்னர் எழுதிய பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சீ தோங்ஃபாங், 1999இல் வெளிவந்த நூலில், இறக்குமதியானவை, அவற்றைப் பார்த்துச் செய்தவை, புதிதாய்ப் படைத்தவை என்று கலங்களைப் பிரித்து, பாரசீகம் என்று பொதுவாகச் சொல்லப்பட்டதில் பெரும்பங்கு நடு ஆசியச் சோக்தியருடையது என்று காட்டினார். எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு அயல்வடிவங்கள் அருகிச் சீன வடிவங்களே ஓங்கின என்பதில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு.

சோங் காலத்தில், 960க்குப் பின், வெள்ளி அரண்மனையை விட்டு உணவகத்துக்கும் கடைத்தெருவுக்கும் இறங்கியது. தகடு மெலிந்தது, கனமாகத் தோன்றச் செய்ய இரட்டைச் சுவர்க் கலங்கள் பெருகின. மங்கோலிய யுவான் ஆட்சியில் ஜியாஷிங்கைச் சேர்ந்த ஜூ பீஷான் என்ற வெள்ளிக்கொல்லர் தம் பெயரையும் ஆண்டையும் பொறித்து விட்டுச்சென்ற கலங்கள் தனிக் கவனத்துக்குரியவை. பட்டுப்போன மரத்தண்டையே தெப்பமாக்கி அதில் சாய்ந்து புத்தகம் படிக்கும் முனிவரின் வடிவில், 1345இல் செய்த வெள்ளிக் குடிகலம் பீக்கிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. முனிவரின் தலை, கை, பாதணி முதலியவை தனித்தனியே வார்த்துப் பற்றவைக்கப்பட்டு, மூட்டு தெரியாமல் உளியால் மரப்பட்டைச் சுருக்கங்கள் செதுக்கப்பட்டுள்ளன. பெயரற்ற பட்டறை வேலையே விதியாக இருந்த துறையில், ஓவியரைப் போல ஒருவர் கையொப்பமிட்டதே புதுமை.

மிங் காலத்தில், 1368 முதல் 1644 வரை, பொன் இழையாகிறது. கம்பியச்சின் சிறுத்துக்கொண்டே போகும் துளைகள் வழியே பொன்னை இழுத்து இழுத்து மயிரிழையாக்கி, இரண்டு இழைகளை முறுக்கித் தட்டையாக்கினால் விளிம்பில் மணிகோத்தாற்போன்ற பூக்கம்பி கிடைக்கும். அதை இடுக்கியால் வளைத்து வடிவமாக்குதல், வடிவத்துக்குள் சுருள் நிரப்புதல், நெய்தல், பின்னுதல், அடுக்குதல், வெண்காரம் கலந்த பொடி தூவிப் பற்றவைத்தல் எனப் பல கைகள் இதிலுண்டு. அவற்றுள் நுணுக்கமானது உள்ளீடற்ற உருவம் எழுப்பும் முறை: கரித்தூளை ஒருவகை ஆர்க்கிட் கிழங்கின் பசையில் குழைத்து நாகமோ பறவையோ பிடித்து, அதன் மேல் பூக்கம்பியைச் சுற்றி, பொடி தூவி நெருப்பிலிடுவார்கள், கம்பிகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ள, உள்ளிருக்கும் கரி எரிந்து சாம்பலாகி உதிர்ந்துவிடும். நெருப்பு ஒரு நொடி மிஞ்சினால் பொடியோடு இழையும் உருகிச் சரியும்.

வான்லி பேரரசரின் திங்லிங் கல்லறை 1956க்கும் 1958க்கும் இடையில் அகழப்பட்டபோது கிடைத்த பொன்னிழை முடி இவ்வேலையின் சிகரம். சுமார் 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 518 இழைகளால் பின்னப்பட்ட அதன் உயரம் 24 சென்டிமீட்டர், எடை 826 கிராம். உச்சியில் முத்தை நாடும் இரு நாகங்கள் தனியே செய்து இணைக்கப்பட்டவை. வெயிலில் பிடித்தால் மெல்லிய துணிபோல ஒளியை ஊடுருவவிடும் இந்த முடி அன்றாடம் அணியக்கூடியதா, அடக்கத்துக்கென்றே செய்ததா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. அதே கல்லறையின் அரசியர் முடிகளில், மீன்கொத்தியின் நீல இறகை வெட்டிப் பொன்முலாம் தகட்டில் ஒட்டும் வேலையும் இடம்பெறுகிறது.

மிங் பொன் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடை ஹூபெய் மாநிலத்தில் 2001இல் அகழப்பட்ட லியாங் இளவரசர் ஜூ ஜான்ஜியின் கல்லறையில் உள்ளது. அங்கே கிடைத்த லியாங் என்னும் சீன எடையலகில் ஐம்பது கொண்ட கட்டி ஒன்றின் மேல், யுங்லே ஆட்சியின் 17ஆம் ஆண்டில், அதாவது 1419இல், ‘மேற்குப் பெருங்கடல்’ பகுதிகளில் வாங்கிய நூற்றுக்கு எண்பது பங்கு மாற்றுள்ள பொன் என்று பொறிக்கப்பட்டுள்ளது. தளபதி ஜெங் ஹேயின் கப்பல்கள் கோழிக்கோட்டுக்கும் இலங்கைக்கும் சென்ற காலம் அது. அதே தளபதியின் பெயரோடு தொடர்புடைய, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் பொறித்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு 1911இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டது. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று தொடங்கும் காணிக்கைப் பட்டியலைத் தமிழ்ப்பகுதி தென்திசையின் தேனாவரை நாயனாருக்கு உரித்தாக்குகிறது. பொன் இந்துமாக்கடலில் ஒரே திசையில் மட்டும் பயணம் செய்யவில்லை.

பட்டறை அறிவு எழுத்தில் பதிவானது குறைவே. 1637இல் சோங் யிங்சிங் வெளியிட்ட தொழில்நுட்பக் களஞ்சியமான தியான்கோங் கைவு அக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. பொன்ரேக்கு அடிப்பதற்கு இடையிடும் கருந்தாள், மூங்கிலிலிருந்து செய்து, ஊசித்துளை மட்டும் விட்டு அடைத்த அறையில் அவரை எண்ணெய் விளக்கின் புகையில் கறுப்பாக்கப்பட்டது என்றும், ஐம்பது முறை அடித்தபின் கழித்த தாளும் கிழியாமல் மருந்துக்கடைகளில் சாதிலிங்கம் பொதியப் பயன்பட்டது என்றும் அந்நூல் சொல்கிறது. ஹாங்ஜோ விசிறிகளில் மின்னுவது பொன்னன்று, குசும்பா விதை எண்ணெய் பூசிப் புகையூட்டிய வெள்ளிரேக்கு என்பதையும் அது மறைக்காமல் எழுதிவைத்துள்ளது.

அடுத்து வந்த சிங் அரசமரபின் அரண்மனைப் பட்டறைகள் மிங் மரபைப் பெருக்கின. கம்பியும் மணியும் மீன்கொத்தி இறகும் எனாமலும் ஒரே பொருளில் இடைவெளியின்றிக் குவிந்தன. சியான்லோங் பேரரசர் புத்தாண்டு நள்ளிரவில் பயன்படுத்திய மூன்று கால்களுடைய பொற்கிண்ணங்கள் இரண்டு இன்று லண்டனின் வாலஸ் சேகரிப்பில் உள்ளன. தொழில்திறனில் அவற்றுக்குக் குறைவில்லை என்றாலும், ஹெஜியாசுன் கிண்ணத்தில் உருவங்களுக்கிடையே விடப்பட்ட இடத்துக்கு இருந்த மதிப்பை இவற்றில் தேடினால் கிடைக்காது.

இருபதாம் நூற்றாண்டில் அரண்மனை என்ற வாடிக்கையாளர் மறைந்தபின் இக்கலை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு விதமாக எஞ்சியது. நாஞ்சிங்கின் பொன்ரேக்கு அடிப்பும் மியாவ் மக்களின் வெள்ளி அணிகலன் வேலையும் 2006இலும், பீக்கிங் வட்டாரப் பூக்கம்பி வேலையும் செங்டுவின் வெள்ளிக் கம்பிவேலையும் 2008இலும் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. மீன்கொத்தி இறகுக்கு மாற்றாகச் சாயமேற்றிய வாத்து இறகு வந்துவிட்டது. பாதரச முலாம், பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த 2017இல் நடைமுறைக்கு வந்த மினாமாட்டா உடன்படிக்கைக்குப் பின் இன்னும் சுருங்கியது. கடந்த சில ஆண்டுகளாகச் சீன நகைச் சந்தையில் ‘பழைய முறைப் பொன்’ என்ற பெயரில் மங்கல் மெருகுள்ள நகைகள் பெருவிற்பனையாகின்றன. அவற்றுள் பல மெழுகுவார்ப்பும் இயந்திர வேலையும் கலந்தவையாகையால், பெயரிலுள்ள பழமை பெரும்பாலும் மேற்பரப்பின் நிறத்தோடு நின்றுவிடுகிறது. வெள்ளியைத் திருவிழாவிலும் திருமணத்திலும் இன்றும் அணியும் மியாவ் ஊர்களில் நிலைமை வேறு. குய்ஜோவின் லெய்ஷான் வட்டாரத்தில், முன்பு வெள்ளி நாணயங்களை உருக்கி அணிகலன் செய்த கொல்லர் குடும்பங்களின் வழியினர், தகட்டுப் பூக்களை ஆலை அச்சில் வாங்கிக்கொண்டாலும், கொம்புவடிவத் தலையணியின் நாகத்தை இப்போதும் கையாலேயே நகாசு செய்கிறார்கள். வாங்குகிறவர்களும் அந்த வித்தியாசத்துக்குத் தனி விலை கொடுக்கிறார்கள்.